மூணாவது பக்கம் அபாரம்!

மயிலாப்பூர் கம்ப்யூட்டர் ஆர்வலர் மன்றத்தின் மாத மின்னிதழை உறுப்பினர்களுக்கு மெயிலில் தட்டிவிட்ட கையோடு, ஆசிரியர் தேசிகன் பாராட்டுக்காக போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தலையங்கத்தை ஒரே மூச்சில படிச்சேன் சார்!" என்றார் அடையாறு டாக்டர்.

"மூணாவது பக்கம் அபாரம், மாமா!" என்றான் நங்கநல்லூர் அம்பி.

மன்றத் தலைவரோ, "இதைப் புத்தகமாவே போடணும் ஓய்!" என்று உருகினார்.

"பார்த்தியா, எல்லாரும் வரிக்கு வரி படிக்கறா," என்று மனைவி வசுமதியிடம் பூரித்தார் தேசிகன். "அந்த நாஸியா ஒருத்திதான் மாசாமாசம் நொட்டை சொல்லிண்டிருக்கா. அவளை முதல்ல மன்றத்தைவிட்டே தூக்கணும்."

சொல்லி வாய் மூடவில்லை, நாஸியாவே போனில் வந்தாள்.

"இந்தத் தடவை என்னம்மா குத்தம்?"

"குத்தம் சொல்ல இதழ் வேணுமே சார்! நீங்க ஃபைலை அட்டாச் பண்ணவே இல்லை. காலையிலேர்ந்து படிக்கக் காத்துக்கிட்டிருக்கேன்."

தேசிகன் பதறிப்போய் மெயிலைத் திறந்தார். 'இதழ் இணைப்பில்' என்ற வரி இருந்தது. இணைப்பைத்தான் காணோம். வசுமதி சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதோ, உனக்கு அனுப்பிடறேன்மா," என்றார் தேசிகன், குரல் இறங்கி.

"எல்லாருக்குமே திரும்ப அனுப்பிடுங்க சார்."

"வேண்டாம்மா. மத்தவங்கள்லாம் படிச்சு முடிச்சுட்டாங்களாம்!"