மயிரிழைச் சிவப்பு

பதினோராவது முறையும் ரூத் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

முதல் பக்கத்தோடு சரி. விரல் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை.

அந்தப் படக்கதையை வரைந்தவள் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரூத்துக்கு எட்டு வயது. காமிக்ஸ் இதழாசிரியர் பால்துரையின் மகள். காமிக்ஸ் அலுவலகம் பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டு மாடியிலேயே இருந்தது. சனிக்கிழமைகளில் ரூத்துதான் அங்கே நீதிபதி. வாய் திறந்து தீர்ப்பு சொல்லும் பழக்கமெல்லாம் இல்லை. கவிழ்த்து வைத்தால் வழக்கு தள்ளுபடி.

பால்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கரண்டைப் பாத்து இந்தக் காலத்துல யாரும்மா வாயப் பொளப்பா? சாயங்காலம் ஃபைல் பிரஸ்ஸுக்குப் போவணும். பிள்ள மூணாம் பக்கம் போவலன்னா மின்மாறன அதோட விட்ருவோம்."

அவர் பேசி முடித்து மகளோடு சாப்பிடப் போய்விட்டார்.

வரைந்தவளுக்குச் சாப்பிட நேரமில்லை. போகவில்லை.

ஐம்பது வருடத்துக்கு முந்தைய மின்மாறன் ஒரு லைன்மேன். கம்பத்தில் ஏறுகிறான். இடி விழுகிறது. எழுந்தால் வீரன். அவ்வளவுதான் கதை. அதைப் படித்துத்தான் அவள் பென்சிலைத் தொட்டாள்.

மறுபடி அவளை வரையச் சொன்னபோது, புதுப் பிள்ளைகளுக்கு அது போதாது என்றார்கள். ஆய்வுக்கூடத்தில் வெடிக்கவைத்தாள். விண்கல்லைத் தலையில் போட்டாள். கையில் சிப் வைத்துத் தைத்தாள்.

பாவம், மனுஷனைப் படாதபாடு படுத்திவிட்டாள். எந்தச் சக்தியும் அவன் உடம்பில் ஒட்டவில்லை.

அலமாரியிலிருந்து பழைய இதழ்களின் பைண்டிங்கை எடுத்தாள்.

முதல் இதழ். கறுப்பு, சிவப்பு என்று இரண்டே மை. சிவப்பு அவன் சட்டைக்கு மட்டும்.

அந்தச் சிவப்பு அச்சில் ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருந்தது. சட்டையை விட்டு விலகி, தோளோரம் தனிக் கோடாக நின்றது. அதைத்தான் வாசகர்கள் இடி கொடுத்த ஒளி என்று நம்பிவிட்டார்கள். நம்பியதைக் கெடுப்பானேன் என்று, அடுத்த இதழிலிருந்து ஓவியர் அதைக் கையாலேயே போடத் தொடங்கினார்.

இது எல்லாருக்கும் தெரிந்த கதை. அவளும் நூறு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பக்கங்களைப் புரட்டினாள். ஐந்தாம் இதழின் கடைசியில் வாசகர் கடிதங்கள். பொடி எழுத்து. இதுவரை படித்ததே இல்லை.

'அன்புள்ள ஆசிரியர் மாமா, மின்மாறனுக்கு இடி விழுந்தது மூன்றாம் பக்கத்தில். இரண்டாம் பக்கத்தில் ஏணியில் கால் வைக்கும்போதே சிவப்புக் கோடு வந்துவிட்டதே, ஏன்? மரியசெல்வி, நான்காம் வகுப்பு, புன்னைக்காயல்.'

கீழே பதில்.

'அது அச்சுப் பிழை, மருமகளே. மன்னிக்கவும்.'

அவள் முதல் இதழுக்குத் திரும்பினாள்.

முதல் பக்கம். கரண்ட் போய், பிரசவ ஆஸ்பத்திரி இருட்டில் கிடக்கிறது. உள்ளே ஒருத்தி வலியில் கத்துகிறாள். மழை விடட்டும், காலையில் பார்க்கலாம் என்கிறார்கள் எல்லாரும். அவனும் பயந்துபோய் நிற்கிறான். சிவப்பு ஒழுங்காகச் சட்டைக்குள் இருக்கிறது.

இரண்டாம் பக்கம். கம்பத்தில் சாய்த்த ஏணியின் முதல் படியில் கால்.

சிவப்பு விலகியிருந்தது.

இடி இன்னும் விழவில்லை. மின்னல்கூட வரையப்படவில்லை.

அவள் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுவந்தாள். முப்பது வருடமாகப் பார்த்த படம். இடியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏணியில் வைத்த காலைப் பார்க்கவில்லை.

நான்காம் வகுப்புக்காரி பார்த்திருக்கிறாள். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள்.

மாடியில் அவளைத் தவிர யாருமில்லை. இருந்தும் அவள் எழுந்து நின்றாள். ஏன் என்று தெரியவில்லை. உட்கார்ந்து பார்க்க மனம் வரவில்லை.

பிறகு வரையத் தொடங்கினாள்.

ஆய்வுக்கூடம் போயிற்று. விண்கல் போயிற்று. கடைசியாக இடியையும் எடுத்தாள். அதை எடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது.

மூன்று பக்கம். பயந்து நிற்கிற ஒரு ஆள். ஏணி. விளக்கு எரிகிற ஜன்னல்.

இரண்டாம் பக்கத்தில் சிவப்பை மட்டும் பிடித்து, ஒரு மயிரிழை நகர்த்தினாள்.

நாலு மணிக்கு பால்துரை எட்டிப் பார்த்தார்.

"செவப்பு வெலகியிருக்கேம்மா. சரி பண்ணலையா?"

"இருக்கட்டும் சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். டேப்லெட்டை மகளிடம் கொடுத்தார்.

ரூத் முதல் பக்கத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

விரல் நகர்ந்தது.

இரண்டு.

மூன்று. விளக்கு எரிந்தது. குழந்தை அழும் சத்தம் ஜன்னலுக்கு வெளியே எழுத்தாக வந்தது.

வரைந்தவள் மூச்சு விட்டாள். பால்துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ரூத் தலை நிமிரவில்லை.

"இந்த ஆளுக்குப் பவர் எப்ப வந்துச்சி?"

பால்துரை விளக்கம் சொல்ல வாயெடுத்தார். வரைந்தவள் வேண்டாமென்று கையமர்த்தினாள்.

ரூத் இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். ஏணியைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். விரல் மெல்ல மேலே ஏறி, தோளோரம் இருந்த சிவப்பில் நின்றது.

நின்றபடியே இருந்தது.

பிறகு தலையைத் திருப்பி, தன் தோளைப் பார்த்தாள்.