திறக்காத காது

தண்ணீருக்குள் ஆறு மீட்டர் ஆழத்தில், கயிற்றைப் பிடித்தபடி அவள் தொங்குகிறாள். கீழே, மங்கிய பச்சை வெளிச்சத்தில், நான்கு மாதத்துக்கு முன் கணவனோடு மூழ்கிய படகு சாய்ந்து கிடக்கிறது. அதன் விளிம்பில் அவளே பூசிய மஞ்சள் கோடு இங்கிருந்தே தெரிகிறது. காதை அழுத்தும் நீரின் அழுத்தம் விலக, முகமூடியின் ரப்பரோடு சேர்த்து மூக்கை இறுக்கிப் பிடித்து, மூச்சை மெல்ல உந்துகிறாள். வலது காது ‘டிக்’கென்று திறக்கிறது. இடது காது அசைந்து கொடுக்கவில்லை. ஊசி இறங்குவதுபோல் வலிக்கிறது. பக்கத்தில் மிதக்கும் பயிற்சியாளரிடம் காதைத் தொட்டுக் காட்டுகிறாள். அவர் அவளைக் கொஞ்சம் மேலே ஏற்றி, மறுபடி முயலச் சொல்லிச் சைகை காட்டுகிறார். மூன்று முறை முயன்றும் வலிதான் மிஞ்சுகிறது. போதும், மேலே போகலாம் என்று அவர் கட்டைவிரலை உயர்த்துகிறார். அவள் தலையசைத்து மறுக்கிறாள். கயிற்றை இறுக்கியிருக்கும் அவள் விரல்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். மஞ்சள் கோடு பச்சைக்குள் கரைந்துபோகிறது. மேலே வெயில் முகத்தில் அறைகிறது. முகமூடியைக் கழற்றியதும் அவளுடைய வீங்கிய இமைகளை அவர் பார்க்கிறார். “காலையில அழுதீங்களாம்மா? அழுதா மூக்கு அடைச்சுக்கும், காது திறக்காது. நாளைக்கு அழாம வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.” அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். “அழாம வர முடிஞ்சா, எனக்கு இங்க என்னண்ணே வேலை?”