கோழி எரு சூடு

எட்டு நாற்றும் வெந்து போயிருந்தன.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

வெந்துதான் போயிருந்தன.

முந்தாநாள் விறைப்பாக நின்ற தக்காளி நாற்றுகள். இப்போது வெந்நீர் ஊற்றியதுபோலத் துவண்டு, ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தன.

தணிகாசலம் முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். சிவப்பு தெரியும். பச்சை தெரியும். இந்தப் பழுப்புக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ரிட்டயர் ஆகி நான்கு மாதம். முதல் வாரமே ஆறு கோழிகள் வாங்கினார். கூண்டை அவரே அடித்தார். அடியில் உமி பரப்பினார். உமியும் எச்சமுமாக ஒரு சாண் உயரம் சேர்ந்துவிட்டது. நல்ல எரு. சும்மா கிடக்கிறது. பக்கத்திலேயே பாத்தி.

"கோழி எரு சூடுங்க. ஆறு மாசமாவது மக்கணும். இப்பவே போட்டா வேர் வெந்துடும்."

மனைவி மோகனா இதை ஒரு தடவை மட்டும் சொல்லவில்லை. தை மாதம் முழுக்கச் சொன்னாள்.

மாசி பிறந்ததும் தங்கை மகள் வளைகாப்புக்குக் காஞ்சிபுரம் போனாள். ஐந்து நாள்.

முதல் நாள் அவர் தாக்குப்பிடித்தார்.

இரண்டாம் நாள் கூண்டுக்கடியில் கை விட்டு எருவைத் தொட்டுப் பார்த்தார்.

சில்லென்றுதான் இருந்தது.

இதையா சூடு என்கிறாள்?

நாற்றுக்கு இரண்டு கை வைத்தார். கடைசி நாற்று கொஞ்சம் சோனியாக இருந்தது. பாவம் பார்த்து அதற்கு மட்டும் நாலு கை.

அதுதான் முதலில் செத்தது.

கடையில் வாங்கிய விதையாக இருந்தால் பரவாயில்லை. இது மோகனாவின் அம்மா வீட்டுத் தக்காளி. பூசணிபோல வரிவரியாக, புளிப்பு தூக்கலாக இருக்கும். அந்த வீட்டை விற்றாயிற்று. பதினோரு வருஷமாக மோகனா விதை எடுத்து, சாம்பலில் புரட்டி, மாத்திரை டப்பாவில் வைப்பாள். போன வருஷம் செடியில் நோய் விழுந்து, கிடைத்ததே ஒரு சிட்டிகை விதைதான். இந்தத் தையில் டப்பாவைக் கவிழ்த்தாள். உள்ளே ஒன்றுகூட மிச்சமில்லை. அவரே எட்டிப் பார்த்திருந்தார்.

நான்காம் நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றினார். சூட்டைத் தணிக்க.

சாயங்காலம் எட்டும் சேற்றில் படுத்துவிட்டன.

ஐந்தாம் நாள் காலை நர்சரி வாசலில் முதல் ஆளாக நின்றார். ஹைப்ரிட் நாற்றுதான் இருந்தது. எட்டு வாங்கினார். எருவை வழித்தெடுத்தார். மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கினார். டேப் வைத்து அளந்து, அதே இடத்தில் அதே இடைவெளியில் நட்டார். நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

மோகனாவாலேயே கண்டுபிடிக்க முடியாது.

காப்பி போட உள்ளே போனார்.

பால் பொங்குவதற்குள் கோழிகள் வந்துவிட்டன. கூண்டின் கொக்கியை அவர் போடவில்லை.

புதிதாகக் கொத்திய ஈர மண். உள்ளே புழு. ஆறும் சீய்த்தன. ஒன்று நாற்றைக் கவ்விக்கொண்டு ஓடியது. அதைத் துரத்தி ஐந்து ஓடின. ஐந்தையும் துரத்தி அவர் ஓடினார்.

கிணற்றை மூன்று சுற்று சுற்றியபின் அவர்தான் முதலில் உட்கார்ந்தார்.

போன் அடித்தது. மோகனா பஸ் ஏறிவிட்டாளாம்.

"செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்துனேன்" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆடு வந்து மேய்ந்துவிட்டது என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்தது. அவள் திட்டமாட்டாள். அதுதான் பயம். டப்பாவை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள்.

"அண்ணா."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஷகீலா. பக்கத்து வீட்டுக்காரி. வீட்டிலேயே தையல் வேலை. எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ தெரியாது.

"கொஞ்சம் இப்படி வாங்க."

போனார். அவள் பின்கட்டில் ஒரு தட்டு நிறைய டீ கப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு தக்காளி நாற்று. விறைப்பாக. பச்சையாக.

"விதை போட்ட அன்னிக்கே பாதியை அக்கா இங்க குடுத்துட்டாங்க."

அவருக்குக் கண் கலங்கியது. கோபமா நிம்மதியா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. தட்டைத் தூக்கினார்.

அப்போதுதான் மேலே இருந்த அலமாரி கண்ணில் பட்டது.

ரிப்பேருக்குப் போயிருப்பதாக மோகனா சொன்ன சுவர்க்கடிகாரம், சரியான மணி காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில், சத்தம் சரியில்லை என்று அவர் பிரித்துப் பார்க்க நினைத்த மிக்ஸி. அவர் வீட்டு ஊறுகாய் ஜாடி. ஓரத்தில் கல்யாண போட்டோ. சட்டத்தைத் தானே மாற்றுவதாக அவர் சொன்ன மறுநாள் அது ஸ்டுடியோவுக்குப் போயிருந்தது.

போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள். மோகனா மட்டும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷகீலா தரையைப் பார்த்தாள்.

"அதெல்லாமும் எடுத்துட்டுப் போறீங்களாண்ணா?"

"இருக்கட்டும்மா."

தட்டோடு இரண்டடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து, ஒரு கப்பும் ஆடாமல் அதை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"இதையும் அவளே வந்து எடுத்துக்கட்டும்."

கையைக் கழுவிக்கொண்டு, பஸ் வரும் திசையைப் பார்த்துத் தெருமுனைக்கு நடந்தார்.