மிதந்த நிலையில்

"மிதக்குதுல்ல?"

"எது சார்?"

"கப்பல்தாம்ப்பா. வேற எதைக் கேக்கப்போறேன்?"

அதிகாரி காணேகரின் குரல் என் காதுக்கு மிக அருகில் கேட்டது. காலையில் பாவும் பாஜியும் தின்ற வாய். ஏலக்காய் மென்றும் வாடை போகவில்லை.

மாண்டவி ஆறு அன்று வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. அமாவாசைக் கடல் வற்றம்.

முன்னால் சூதாட்டக் கப்பல். மூன்று மாடி, வெள்ளை நிறம், பகலிலும் எரியும் விளக்குகள். கல்யாண விருந்தில் அளவுக்கு மீறித் தின்றுவிட்டு எழுந்திருக்க முடியாத மாமாவைப் போல, சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

அதன் நங்கூரத்தின் மேல் ஒரு நாய் காலைத் தூக்கிக்கொண்டிருந்தது.

கரையில் சூதாட்டக் கூடம் நடத்தக் கூடாது, மிதக்கும் கப்பலில்தான் நடத்தலாம் என்பது சட்டம். கப்பல்களின் எண்ணிக்கையைக் கூட்டவும் கூடாது. கம்பெனி கூட்டவில்லை. பழைய கப்பலை அனுப்பிவிட்டு, அதைப் போல மூன்று மடங்கு பெரிய ஒன்றைக் கொண்டுவந்தது.

அது எங்கள் மட்டிச் சிப்பித் திட்டின் மேல் வந்து குந்திவிட்டது.

ஊர்ப் பெண்கள் எல்லோரும் மட்டி தோண்டிய திட்டு. பாதி இப்போது கப்பலுக்கு அடியில். மீதியும் அடுத்த மழைக்குள் செத்துவிடும்.

என் மனைவி பியெதாத் மனு எழுதினாள். கப்பல் தரையில் நிற்கிறது, சட்டப்படி அதை அகற்ற வேண்டும் என்று.

மூன்று முறை ஆய்வு நடந்தது. மூன்று முறையும் நாளைக் கம்பெனி குறித்தது. மூன்று முறையும் கடல் ஏற்றத்தில் ஆறு நிரம்பி வழிந்தது.

நான்காம் முறை காணேகரின் அலுவலகமே நாள் குறித்தது, அமாவாசையன்று. காலண்டரில் விடுமுறை இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருப்பார்கள். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைகூட நிலாவைப் பார்க்காமல் ஆற்றுக்குப் போகாது.

கம்பெனிப் படகு பாதி வழியில் தரைதட்டி நின்றது.

"பக்கத்துல போய்ப் பாருங்க சார். நான் கொண்டுபோய் விடறேன்" என்று நான்தான் சொன்னேன். பக்கத்தில் பார்த்த பிறகு யாராலும் பொய் எழுத முடியாது என்று நம்பிய முட்டாள்.

பியெதாத் கப்பலின் நிழலில் குந்தி மட்டி தோண்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தாள்.

"கயதான், ஆபீசருக்குக் கண்ணு நல்லாத் தெரியுதான்னு கேளு!"

"இது ஆறும்மா" என்றார் காணேகர், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதுபோல. "அரசாங்க வரைபடத்துல இது ஆறு. ஆத்துல இருக்கிற கப்பல் மிதக்கிற கப்பல்தான்."

"அப்போ நானும் மிதக்கிறேன்னு எழுதிக்கோங்க!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார்.

"ஆய்வின்போது கப்பல்..." வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். வாயில் மூடி இருந்ததால் எச்சில் தெறித்தது. "...மிதந்த நிலையில் காணப்பட்டது."

பேனா முனை என் வலது தோளில் குத்தியது. காகிதத்தை அங்கேதான் விரித்திருந்தார்.

அவருடைய இடது கை என் கழுத்தைச் சுற்றியிருந்தது. என் இடுப்பின் இரண்டு பக்கமும் அவருடைய புது ஷூக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. படகிலிருந்து கப்பல்வரை அவரை முதுகில் சுமந்து வந்திருக்கிறேன். ஷூவில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

தண்ணீரில் என் கணுக்கால்கூட நனையவில்லை.

கையெழுத்துப் போட அவர் காகிதத்தைத் தோளில் நகர்த்தினார்.

"சார்" என்றேன். "கையெழுத்துக்கு முன்னால, ஒரே ஒரு தடவை காலைக் கீழ வைங்க சார்."