கமிலாக்கள் நிறைந்த நாடு

"மங்கை அக்கா, டென்மார்க்கில இப்ப பொம்பிளைப் பிள்ளையளுக்கு என்ன பேர் கூட வைக்கினம் எண்டு இவவிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ."

சிவகௌரி இப்படிக் கேட்டதும், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மங்கையற்கரசியின் கை நின்றுவிட்டது.

ஜெர்மனியில் எசன் நகரத்து அகதி விடுதியின் பொதுச் சமையலறை அது. எதிரே தேநீர்க் கோப்பையோடு கிர்ஸ்டன் அம்மா உட்கார்ந்திருந்தார். டென்மார்க்கில் பிறந்து எசனில் வாழ்க்கைப்பட்டவர். தேவாலயத்தில் சேரும் உடுப்புகளைப் புதன்கிழமைகளில் விடுதிக்குக் கொண்டுவருவார். அவரோடு ஜெர்மன் பேசத் தெரிந்தவள் மங்கை ஒருத்திதான். விடுதித் தமிழர்கள் அத்தனை பேருக்கும் அவள்தான் வாய்.

"டென்மார்க் பேர் உனக்கு என்னத்துக்கு?"

"சும்மா கேளுங்கோவன்."

ஏழு மாத வயிற்றோடு இருப்பவள் சும்மா கேட்கிற கேள்வியா இது? போன மாதம்தான் மேல்மாடியில் இருந்த இரண்டு குடும்பங்கள் ஒருவருக்கும் மூச்சு விடாமல் டென்மார்க்குக்குக் கிளம்பிப் போயிருந்தன. அங்கே விசா சீக்கிரம் கிடைக்கிறதாம் என்று விடுதி முழுக்க ஒரே கதை. கௌரியும் போய்விட்டால் தமிழில் சண்டை பிடிக்கக்கூட இங்கே இன்னொரு பெண் இல்லை. மங்கையின் கணவரோ உணவகத்தில் கோப்பை கழுவப் போனால் பாதி ராத்திரிக்குத்தான் வீடு. அந்தத் தனிமையை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

இருந்தாலும் கேட்டாள். தன் நாட்டைப் பற்றி ஒருவர் விசாரித்ததில் கிர்ஸ்டனுக்கு வாயெல்லாம் பல்.

"கமிலா, லுயீஸ், கிறிஸ்தினா. எல்லாவற்றையும்விடக் கமிலாதான் கூட. என் தங்கை வேலை செய்யும் பாலர் பள்ளியில் கமிலா என்று கூப்பிட்டால் நாலு பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்" என்றார்.

மங்கை அதைத் தமிழில் சொன்னாள். கௌரியின் முகம் மலர்ந்தது.

"நாலு பிள்ளையளோ? ஒரே பள்ளிக்கூடத்திலயோ? பெடியனெண்டா என்ன பேராம்?"

"கிறிஸ்தியான், ராஸ்முஸ்" என்ற கிர்ஸ்டன், சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "உண்மையில் அழகான பெயர் வேண்டுமென்றால் தாக்மார் என்று வைக்கச் சொல்லுங்கள். பழைய ராணி ஒருத்தியின் பெயர். இப்போது பிள்ளைகளுக்கு யாரும் வைப்பதில்லை."

ராணி பெயர் என்றதும் மங்கைக்கே ஆசை வந்தது. கௌரி அவசரமாகத் தலையாட்டி மறுத்தாள்.

"வேண்டாம் அக்கா. ஒருத்தருக்கும் இல்லாத பேரெண்டா லேசாக் கண்டுபிடிச்சிடலாமெல்லே."

மங்கைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொலிசுக்குப் பயம். அப்படியானால் களவாகத்தான் எல்லை கடக்கப் போகிறார்கள்.

கிர்ஸ்டன் பையிலிருந்து ஒரு கம்பளித் தொப்பியை எடுத்தார். கைக்குள் அடங்கிவிடும் அளவு. அவரே பின்னியதாம். "முதல் பிள்ளையா?" என்று கேட்டார். இதையெல்லாமா மொழிபெயர்ப்பது? மங்கையே "ஆமாம்" என்று ஜெர்மனில் பதில் சொல்லிவிட்டாள்.

கௌரி தொப்பியை ஆசையாகப் பார்த்தாள். ஆனால் கையை நீட்டவில்லை.

"இப்ப வேண்டாமெண்டு சொல்லுங்கோ அக்கா. பிறந்த பிறகு வாங்குறன்."

பயணத்துக்குச் சுமை குறைக்கிறாள், கள்ளி, என்று மங்கை மனதுக்குள் கறுவிக்கொண்டாள். கிர்ஸ்டன் விடைபெற்றுப் போய்க் கதவு சாத்தும்வரைதான் அவளால் பொறுக்க முடிந்தது.

"எப்ப வெளிக்கிடுறியள்?"

"எங்க?"

"டென்மார்க்குக்கு. எல்லாம் எனக்கு விளங்கும் கௌரி. போறது போங்கோ, வேண்டாமெண்டு மறிக்க நான் ஆர்? ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போனால் என்ன?"

சொல்லும்போதே குரல் உடைந்தது. வெங்காயம் வெட்டி முடித்து வெகுநேரம் ஆகிவிட்டதால் கண்ணீருக்கு அதன்மேல் பழி போடவும் வழியில்லை.

கௌரி திகைத்துப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"ஆர் உங்களுக்கு உந்தக் கதை சொன்னது? நாங்கள் ஒரு இடமும் போகேல்லை அக்கா. இனி என்னால ஓட ஏலாது. பிள்ளை இங்க எசனிலதான் பிறக்கும், இங்கதான் வளரும்."

மங்கைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அப்ப என்ன விசருக்கு டென்மார்க் பேர்? எங்கட பேர் ஒண்டு வைக்கிறதுக்கென்ன?"

கௌரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது முதல் பிள்ளை இல்லை அக்கா. மூண்டாவது."

மங்கை வெட்டுப் பலகையைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"முதல் ரெண்டுக்கும் நட்சத்திரம் பாத்து, பிறந்து முப்பத்தொராம் நாள் எங்கட பேர்தான் வைச்சனாங்கள். ஊரில வேற ஆருக்கும் இல்லாத வடிவான பேர். பேரை விசாரிச்சுக்கொண்டு வந்த மாதிரி வந்து, ரெண்டையும் கொண்டுபோயிட்டான்."

யார் என்று மங்கை கேட்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்:

"எமனை ஏமாத்த ஊரில பிச்சை, குப்பை எண்டு பேர் வைப்பினமே கௌரி."

"அந்த விளையாட்டு அவனுக்குப் பழகிப்போச்சு. ஜெர்மன் பேர் வைச்சாலும் இங்கதான் தேடுவான்" என்ற கௌரி, வயிற்றின் மேல் கையை வைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவன் டென்மார்க்குக்குப் போய் ஒவ்வொரு பள்ளிக்கூடமாக் கமிலா எண்டு கூப்பிடட்டும் அக்கா. என்ர பிள்ளை எசனில நித்திரை கொள்ளட்டும்."