ஆள் எப்படி?

"அங்கமுத்துவா? சுத்தச் சோம்பேறி லா! சொன்ன வேலையைச் செய்யமாட்டான், சொல்லாமக் கொள்ளாம லீவு போடுவான்."

கல்லாவில் உட்கார்ந்தபடி அப்துல் முத்தலிப் சரமாரியாக விளாசினார். அங்கமுத்துவைப் பற்றி விசாரிக்க வந்த, செங் வட்டாரத்துக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு காரில் ஏறினார். வாசலில் அங்கமுத்து தனியாளாக லோரியிலிருந்து அரிசி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

முத்தலிப்பின் மகன் ஹாசிக், கடைக் கம்ப்யூட்டர் முன்னால் கேட்டும் கேளாதவனாக இருந்தான். சற்று முன்புதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஈமெயில் வந்திருந்தது. வருந்துகிறோம், அவ்வளவுதான். அழுகையும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது.

கம்ப்யூட்டர் சயின்ஸில் டாக்டர் பட்டம் வாங்கிய பிள்ளை. கேட்டிருந்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் டுரியான் துங்கால் கேம்பஸில் போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலை. அது கிடைத்திருந்தால் படித்த படிப்பில் காலூன்றியிருக்கலாம். இனி காலத்துக்கும் இந்தக் கடையில் வெங்காயம் நிறுக்க வேண்டியதுதான்!

இன்டர்வியூவில் என்ன குறை வைத்தான்? கேட்டதற்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொன்னானே! "இப்ப நீங்க வேலை செய்யிற இடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டா முடிஞ்சுது" என்று புரொபசரே கை குலுக்கித்தானே அனுப்பினார்!

"என்னடா, முகமே செத்துக் கிடக்கு?" முத்தலிப் பக்கத்தில் வந்தார்.

"அந்த வேலை கிடைக்கல அத்தா."

"யா அல்லாஹ்! உங்க உம்மா இதுக்குன்னே நோன்பு வச்சாளே! உன்னைப் போய் வேணாம்னவன் எவன்டா? அவன் கண்ணு அவிஞ்சா போச்சு?"

பேச்சை மாற்றினால் தேவலை என்றிருந்தது ஹாசிக்குக்கு. "விடுங்க அத்தா. அங்கமுத்து அண்ணனை ஏன் அப்படிச் சொன்னீங்க? பாவம், மாடா உழைக்கிறாரு."

"அதனாலதான்டா! நல்லவன்னு சொன்னா நாளைக்கே அந்தக் கடைக்காரரு கொத்திட்டுப் போயிடுவாரு. எங்க அத்தா காலத்துலேர்ந்து நம்ம கடையில இப்படித்தான். அங்கமுத்துவுக்கே தெரியும் லா."

மகனின் தோளில் கை போட்டார். "போன வாரம் உன்னையும் ஒருத்தர் போன்ல விசாரிச்சாரு. 'ஹாசிக் அங்கதானே வேலை செய்யிறாரு, ஆள் எப்படி?'ன்னு மலாய்ல கேட்டாரு. எந்தக் கடைக்காரரோ, பேரைக்கூட நான் கேட்டுக்கல."

ஹாசிக் மெதுவாகத் தலையைத் தூக்கினான். "நீங்க என்ன சொன்னீங்க அத்தா?"

"ஆராய்ச்சி வேலைன்னா சந்தோஷமா அனுப்பியிருப்பேன். கண்ட கடைக்காரனுக்கு எம்புள்ளையைத் தூக்கிக் குடுப்பேனா?" முத்தலிப் பெருமையாகச் சிரித்தார்.

"எதுக்கும் உதவமாட்டான்னு ஒரே போடா போட்டுட்டேன்ல!"