நேரலைப் பொத்தான் எங்கே?

“காலர் மடங்கியிருக்கு பாருங்க, தம்பி. முதல்ல அதை நிமிர்த்துங்க,” என்றார் தையல்கார அக்கா.

செயலி வடிவமைப்பாளன் பல்லைக் கடித்துக்கொண்டு காலரை நிமிர்த்தினான். போனைப் பார்க்கச் சொன்னால் இந்த அக்கா அவன் சட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

மூன்று போன்கள், மூன்று சமூக வலைத்தளங்கள். ஒவ்வொன்றிலும் யார் உதவியும் இல்லாமல் நேரலைக்குப் போய் இரண்டு வார்த்தை பேச வேண்டும், எது சுலபம் என்று சொல்ல வேண்டும். அலுவலகத்துக்கு வரவழைத்திருந்த அக்காவுக்கு இதுதான் சோதனை. திரையை அவன் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வாய் சும்மா இருக்காது, வழி சொல்லிவிடுவான் என்று மேனேஜர் தடை போட்டிருந்தார்.

முதல் இரண்டும் ஊரே பயன்படுத்தும் தளங்கள். முதலாவதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “பீரோவுல துணியைத் திணிச்ச மாதிரி இருக்கு. ஒண்ணை இழுத்தா ஒம்போது விழுது,” என்று அக்கா கீழே வைத்தார்.

இரண்டாவதில் இன்னும் மோசம். “பார்க்க அழகுதான். ஆனா ஜிப்பை முதுகுல வச்சுத் தச்சிருக்கான். நானாப் போட்டுக்க முடியாது.”

அவனுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். மூன்றாவது ‘கலகல’, அவனே வடிவமைத்தது. இன்னும் வெளியே விடவில்லை. அலுவலகத்தில் இருப்பவர்கள் மட்டும் தங்கள் போன்களில் போட்டு வைத்திருந்தார்கள். அக்காவுக்கு இதில் நேரலைப் பொத்தான் கிடைத்தால் அவன் வடிவம் பிழைக்கும். கிடைக்காவிட்டால் தூக்கிக் கடாசிவிட்டு இரண்டாவது தளம் மாதிரியே செய்துவிடலாம் என்று மேனேஜர் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அக்காவோ கலகலவைத் திறந்த கையோடு போனைத் தண்ணீர் பாட்டிலின் ஓரமாகச் சாய்த்து நிறுத்திவிட்டு, கன்னத்தில் கை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். தேடவும் இல்லை, திட்டவும் இல்லை. காலர் பேச்சு வந்தது அப்போதுதான்.

“கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளி உக்காருங்க. முகம் இருட்டா இருக்கு.”

“என் முகம் கிடக்குதுக்கா! நீங்க அந்த பட்டனை...”

“அட, உக்காருங்கன்னா! ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? வேலை போயிடுமா?”

பரிவாகக் கேட்டதும் அவன் உருகிவிட்டான். “வேலை போகாதுக்கா, மானம்தான் போகும். சோறு தண்ணி இல்லாம செஞ்சது. எங்க மேனேஜர் அதைக் குப்பையில போட்டுருவாரு.”

“அவர் எப்படிப்பட்ட ஆளு?”

“அதை ஏன் கேக்குறீங்க? சரியான உம்மணாமூஞ்சி! சிரிச்சா பல்லு கொட்டிடும்னு நினைப்பு. லிஃப்ட்ல குட்மார்னிங் சொன்னாக்கூட மாடி நம்பரைத்தான் பார்ப்பாரு.”

அடுத்த அறையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். இங்கே ஒருத்தன் உயிர் ஊசலாடுகிறது, அங்கே என்ன கூத்து என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

“எப்படிப் பார்ப்பாரு? செஞ்சு காட்டுங்க,” என்றார் அக்கா.

இருந்த ஆத்திரத்தில் அவன் எழுந்தே நின்றுவிட்டான். கன்னத்தை உப்பவைத்து, வயிற்றைத் தள்ளி, கூரையை முறைத்தான். அடுத்த அறையில் விசில் பறந்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதற்குள் சோதனைக்கான நேரம் முடிந்து மணி அடித்தது. அவன் நாற்காலியில் தொப்பென்று விழுந்தான்.

“இதுலயும் பட்டன் கிடைக்கலைன்னு எழுதிக்கவாக்கா?”

“என்னது, கிடைக்கலையா?” அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தார். “திறந்ததுமே மூக்குக்கு நேரா இருந்துச்சே! அப்பவே அமுக்கிட்டேன். உங்க ஆபீஸே லைவ்ல உங்களைத்தான் பார்த்துட்டிருக்கு.”

அக்கா திரையைக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“உம்மணாமூஞ்சின்னு இப்பத்தான் பேரு மாத்திக்கிட்டு ஒருத்தர் எழுதியிருக்காரு, தம்பி: பட்டன் அங்கேயே இருக்கட்டுமாம், நீங்க மட்டும் லிஃப்டுக்கு வரணுமாம்!”